மழைத்தண்ணீர் என்று நான் எழுதவில்லை

அந்தப் படத்தில் இருந்தவை என்னுடைய கைகள். முகாமில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தபோது இடது பெருவிரலில் வந்த தழும்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு பட்டையை இரண்டு கைகளும் ஒரு முழத்துக்கு மேல் இழுத்துப் பிடித்திருந்தன. மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது. என் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் எங்கள் திட்டப் பொறுப்பாளரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, பெயருக்கு முன்னால் கலாநிதிப் பட்டத்தோடு. கீழே, சின்ன எழுத்தில்கூட, என் பெயர் இல்லை.

கொழும்பில் நடந்த ஒரு மாநாட்டுக்கு அவர் கொண்டுபோன பதாகை அது. திரும்பி வந்து எங்கள் ஆய்வுகூட விறாந்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். காலையில் கதவு திறக்க வந்த நான் அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு உள்ளே போய் முதல் நாள் ஊறவைத்திருந்த குவளைகளைக் கழுவினேன். அது என் வேலையே இல்லை. கைகளுக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் அந்தப் பதாகையைக் கிழித்திருப்பேன்.

போர் முடிந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு நானும் அம்மாவும் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்தவர்கள். மூன்று வயதில் வள்ளத்தில் போன நான், அகதி முகாமிலேயே வளர்ந்து, இரசாயனம் படித்து, முதுநிலைப் பட்டம் எடுத்து, அங்கே ஒரு ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் ஜெல் செய்யும் வேலை பார்த்தேன். இங்கே வந்ததும் அந்தப் பட்டம் வெறும் தாளாகிவிட்டது. எந்தக் கந்தோரிலும் அதைப் பதிய முடியவில்லை. என் பேச்சில் அந்தக் கரையின் வாடை இருந்ததால் ஊரில் எனக்கு 'இந்தியாக்காரி' என்று பெயர் வந்தது. கடைசியில், மீள்குடியேறியவர்களின் விவசாயத்துக்கு உதவும் ஒரு சிறு நிறுவனத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. ஆய்வுகூடம் என்பது மன்னார் ரவுணுக்குப் போகும் வீதியோரம், புதிதாகத் தகரம் போட்ட ஒரு பழைய கட்டடம். அதில் ஒரு நீண்ட மேசை, ஒரு தராசு, ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தன. பொறுப்பாளர் பொருளியலில் கலாநிதி. எல்லோரும் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம்.

நிறுவனம் மாமரக் கன்றும் முருங்கைக் கன்றும் கொடுக்கும். சனம் கொண்டுபோய் நடும். மூன்றாம் கிழமை பார்த்தால் பாதி செத்திருக்கும். தீவின் மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஊற்றிய கையோடு கீழே போய்விடும். வேர்க்குழிக்குள் ஒரு ஜெலைப் போட்டால் அது தண்ணீரைப் பிடித்து, கன்றுக்கு மெதுவாகக் கொடுக்குமே என்று முதல் முதல் சொன்னது நான். சேர் அப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "செய்து பாருங்கோவன்" என்றார். அவர் இந்த வேலைக்குச் செய்த பங்களிப்பு அந்த இரண்டு சொற்கள்.

ஜெல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். பாலிமர் என்பது மிக நீண்ட நூல். அந்த நூல்களைத் தண்ணீருக்குள் வைத்து ஒன்றோடொன்று முடிந்து வலையாக்கினால், வலை தன் எடையைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெறும் ஜெலுக்குப் பலம் இல்லை. அலையில் கரையொதுங்கிக் கிடக்கும் சொறிமுட்டை என்ற ஜெலிமீனைப்போல விரல் பட்டால் பிய்ந்துவிடும். மணலின் பாரத்துக்கு அது எங்கே தாங்கும்? அதற்குத்தான் நானோத் துகள். நான் பாவித்தது மாவைப்போல வெள்ளையான ஒரு களிமண் தூள். பழைய ஆய்வுகூடத்துச் சிநேகிதி ஒருத்தி அனுப்பியது. தண்ணீரில் சரியாகக் கலந்தால் அது கண்ணுக்குத் தெரியாத தகடுகளாகப் பிரியும். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் பல்லாயிரம் தகடுகளை அடுக்கலாம். ஒவ்வொரு தகடும் பல நூல்களைப் பிடித்துக்கொள்ளும். இழுக்கும்போது ஒன்று விட்டால் மற்றது பிடிக்கும். அதனால் அறாது. அதோடு எங்கள் கரையில் ஒதுங்கும் பழுப்புக் கடற்பாசியைச் சலவைச் சோடாவில் அவித்து எடுத்த பசையையும் சேர்த்தேன். அது முழுக்க என் யோசனை.

முதல் மூன்று மாதமும் தோல்விதான். தூளைக் கிணற்றுத் தண்ணீரில் கொட்டியவுடன் திரைந்த பால் மாதிரி வெள்ளைக் கட்டிகளாகி அடியில் போய்விடும். அளவை மாற்றினேன், வரிசையை மாற்றினேன், தூள் பழுதோ என்று சந்தேகப்பட்டேன். ஒரு நாள் பாசிப் பசையை மட்டும் கிணற்றுத் தண்ணீரில் ஊற்றிப் பார்த்தேன். அதுவும் திரைந்தது. அப்போதுதான் விளங்கியது. எங்கள் கிணற்றில் உப்பும் இருக்கிறது, சுண்ணாம்பும் இருக்கிறது. உப்பு தகடுகளைப் பிரிய விடாமல் ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. சுண்ணாம்பு பசையைக் கட்டியாக்குகிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் கூரைப் பீலிக்குக் கீழே ஒரு நீலப் பீப்பா வைத்தேன். மழைத்தண்ணீரில் தூள் அரை மணி நேரத்தில் கரைந்து, கண்ணாடிக் குவளை வெறுமையாக இருப்பதுபோலத் தெளிந்தது. நூல்களாகிக் கட்டியாகும்வரை, அதில் ஊற்றும் மற்றப் போத்தல் இரசாயனங்களில் நஞ்சு உண்டு. கட்டியானபிறகும் பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். கழுவி முடித்த முதல் பட்டையின் ஒரு நுனியை நானும் மறு நுனியை ராத்தாவும் பிடித்து இழுத்தோம்.

ராத்தா எங்கள் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுபவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எருக்கலம்பிட்டி முஸ்லிம். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ராத்தா' என்றே நானும் கூப்பிடுவேன். இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடலின் இரண்டு பக்கத்துக்கு விரட்டப்பட்டவர்கள் என்பதாலோ என்னவோ, முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டோம். அவர் ஒவ்வொரு போத்தலையும் மூன்று தரம் கழுவுவார்.

"புள்ள, இது ஜெலியா றபரா?" என்று சிரித்துக்கொண்டே அவர் இழுத்தார். பட்டை நீண்டது, நீண்டது, விட்டதும் சட்டென்று சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது. அந்தச் சத்தத்தில்தான் சேர் உள்ளே வந்தார். "நல்லாயிருக்கே, இன்னொருக்கா இழுங்கோ பாப்பம்" என்று தன் கைபேசியில் படம் எடுத்தார். நான் இரண்டு நுனியையும் என் கைகளாலேயே இழுத்துப் பிடித்து, சிரித்துக்கொண்டு நின்றேன்.

பதாகையைப் பற்றி நான் அன்று பின்னேரமே கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்திருந்தார். எழும்பவில்லை.

"பிள்ளை, உங்கட இந்தியன் சேட்டிபிக்கட் இஞ்ச பதிவாகேல்லை. உங்கட பேரைப் போட்டால் ஆர் இவ எண்டு கேள்வி வரும். நான் உங்களைக் காப்பாத்தித்தான் விட்டனான். விளங்குதோ?"

"கை என்ர கை, சேர்."

"கையிலயோ பேர் எழுதியிருக்கு?" என்று சிரித்தார். பிறகு குரலைக் கனிவாக்கிக்கொண்டு, அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சனத்தையும் கூப்பிட்டுச் செய்துகாட்டப்போகிறேன், செய்முறையை இரண்டு தாளில் எழுதித் தாருங்கோ என்றார். "நீங்கள் பின்னுக்கு நிண்டு தேத்தண்ணி ஒழுங்கைப் பாருங்கோ. இந்தியாப் பிள்ளை தேத்தண்ணி நல்லாப் போடுமெண்டு சொல்லியிருக்கிறன்."

"ஓம், சேர்" என்றேன்.

அந்த 'ஓம்' வாயிலிருந்து வரும்போதே எனக்குள் ஏதோ ஒன்று ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து செதில் சுரண்டிக் கொடுத்தேன். "என்ன, இண்டைக்கு முகம் தெளிவாயிருக்கு?" என்று கேட்டார். உண்மைதான். முகாம் வாசலில் கையெழுத்துக்காக வரிசையில் நின்ற வருடங்களில் என்னை வாய்க்கு வந்தபடி பேசிய ஒருவருக்கும் நான் எதுவும் திருப்பிச் செய்ததில்லை. ஒருவருக்காவது செய்யலாம் என்ற நினைப்பு, காய்ச்சல் விட்டதுபோல உடம்பை இலேசாக்கியது.

செய்முறையை அழகாக எழுதினேன். தூளின் அளவு சரி. எதற்குப் பின் எது என்ற வரிசை சரி. கலக்கும் நேரம் சரி. கையுறை போட வேண்டும் என்பதையும் அடிக்கோடிட்டு எழுதினேன். தண்ணீர் வரும் இடத்தில் மட்டும் 'சுத்தமான தண்ணீர்' என்று எழுதினேன். ஒரு இரசாயனக்காரர் அதைப் பார்த்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் என்றோ மழைத்தண்ணீர் என்றோ எடுத்துக்கொள்வார். சேருக்குச் சுத்தம் என்றால் ஊத்தை இல்லாதது.

அவர் இரண்டு தரம் பழகிப் பார்த்தார். இரண்டு தரமும் நானே மழைத்தண்ணீரில் தூளைக் கரைத்துத் தயாராக வைத்திருந்தேன். நன்றாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது. இரண்டாம் நாள் கேட்டார்.

"அண்டைக்குச் சனத்துக்கு முன்னாலயே எங்கட கிணத்தில அள்ளிக் கலக்கப்போறன். இந்த ஊர்த் தண்ணி எண்டால்தான் எடுபடும். கிணத்துத் தண்ணியே காணும்தானே, வேற தண்ணி தேவையில்லைத்தானே?"

ஒரு கணம்தான் இருந்தது. பீலிக்குக் கீழே நீலப் பீப்பா யன்னலூடாக எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருடமாக அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"தண்ணி தண்ணிதானே, சேர். காணும்" என்றேன்.

அந்த நாள் காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். தீவிலிருந்தும், அங்கால் விடத்தல்தீவுப் பக்கத்திலிருந்தும் சனம் வந்திருந்தது. திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட வயல் செய்யும் சில குடும்பங்களும் வந்திருந்தன. முன்வரிசையில், நிதி கொடுக்கும் இடத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி அம்மா. கண்ணாடி போட்டவர், தமிழ் பேசுபவர், கையில் ஒரு கொப்பி. நானும் ராத்தாவும் பின்னால் தேநீர்க் கேத்தலோடு நின்றோம்.

சேர் ஒலிவாங்கியில் பேசினார். 'எனது கண்டுபிடிப்பு' என்று மூன்று தரம் சொன்னார். பிறகு கிணற்றில் வாளி விட்டு, தானே அள்ளி, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெயிலுக்கு உயர்த்திக் காட்டினார். பளிங்குபோல் இருந்தது. தூளைக் கொட்டிக் கலக்கத் தொடங்கினார்.

வெள்ளை. பால்போல வெள்ளை. நான் கேத்தலின் கைபிடியை இறுக்கிப் பிடித்தேன். அவர் இன்னும் கலக்கினார். தெளியும் என்று காத்திருந்தார். தாளை எடுத்துப் பார்த்தார். கடற்பாசிப் பசையை ஊற்றினார். அது உருண்டை உருண்டையாகத் திரண்டு மிதந்தது. மற்றப் போத்தல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அவசரமாக ஊற்றினார். வெயில் சூட்டில் அது ஒருமாதிரிக் கெட்டியானது. தட்டில் கவிழ்த்து, படத்தில் இருந்த என் கைகளைப்போலவே இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். பிய்ந்து, பாதி மேசையிலும் பாதி அவருடைய காற்சட்டையிலும் விழுந்தது.

"சேர், இது கஞ்சியோ?" என்று முன்னாலிருந்த ஒரு வயல்காரப் பெண் கேட்டாள். பந்தல் முழுக்கச் சிரித்தது.

எனக்குக் கிடைத்த சந்தோசத்தை நான் மறைக்கப் போவதில்லை. அவருடைய கழுத்து சிவந்து, காது சிவந்து, நெற்றியால் வியர்வை ஒழுகுவதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவசரப்படாமல், ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தேன்.

அப்போது அவர் ஒலிவாங்கியை மறுபடி எடுத்தார். "மன்னிக்க வேணும். எங்கட போத்தல் கழுவிற ஆள் ஒழுங்காக் கழுவேல்லை. அழுக்குப் பட்டால் இப்பிடித்தான்." கையை நீட்டி ராத்தாவைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்துக்கு என்னிடம் இன்றுவரை நல்ல காரணம் எதுவும் இல்லை. அந்தச் சிரிப்பு கலையாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அடுத்த நாள் ராத்தா வேலைக்கு வரவில்லை. வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். நான் சைக்கிளில் எருக்கலம்பிட்டிக்குப் போனேன். அவருடைய வீட்டுக்கு இன்னும் கூரை முழுதாகப் போடவில்லை. பாதிக்குத் தகரம், பாதிக்கு நீலப் படங்கு. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வாங்க புள்ள. நீங்களாச்சும் சொல்லுங்க. நான் மூணு தரம் கழுவினதைக் கண்டீங்கதானே? அதுல எங்கேயிருந்து அழுக்கு வந்திச்சு?"

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதாகை, செய்முறைத் தாள், கிணறு, நான் சொன்ன பொய். அவர் முகம் மாறிக்கொண்டே போனது. சுளகைக் கீழே வைத்தார்.

"உங்கட கோவத்துக்கு என்ட சோத்துலயா மண்ணைப் போட்டீங்க?"

"அவர் உங்களைச் சொல்லுவார் எண்டு நான் நினைக்கேல்லை, ராத்தா."

"வேற ஆரைச் சொல்லுவான்? நினைச்சுப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும். அத்தனை சனத்துக்கு முன்னால என்னைக் கைநீட்டிக் காட்டினான். நீங்க பக்கத்துலதான் நிண்டீங்க." அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "போங்க. போய் இதே வாயால அங்க சொல்லுங்க. சொல்லிட்டு இஞ்ச வாங்க. இல்லாட்டி வராதீங்க."

அதிகாரி அம்மா அந்தக் கிழமை முழுவதும் மன்னாரில்தான் நின்றார். கடைசி நாள் கூட்டம் எங்கள் கட்டடத்திலேயே நடந்தது. கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. தேத்தண்ணிக்குத்தான் கூப்பிட்டார்கள். நான் தட்டத்தில் தேநீரோடு கூட இரண்டு கண்ணாடிக் குவளைகளையும் வைத்துக் கொண்டுபோனேன்.

"இது கிணத்துத் தண்ணி. இது மழைத்தண்ணி" என்று மேசையில் வைத்தேன். இரண்டிலும் ஒரே அளவு தூளைப் போட்டுக் கலக்கினேன். "பிள்ளை, வெளியில போங்கோ" என்றார் சேர். "இருக்கட்டும்" என்றார் அதிகாரி அம்மா.

நான் கை ஓயாமல் கலக்கினேன். ஒரு குவளை கஞ்சியாகிக் கிடந்தது. மற்றது மெல்ல மெல்லத் தெளிந்து, பின்னால் இருந்த சுவர்க் கலண்டரின் எழுத்துகள் அதனூடாகத் தெரிந்தன.

"போத்தல் கழுவினவ சரியாத்தான் கழுவினவ. பிழை நான் செய்தது. கிணத்துத் தண்ணி காணுமோ எண்டு சேர் கேட்டவர். காணாது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் காணும் எண்டு சொன்னனான்" என்றேன். ஒரு வருடமாக நாள் நாளாக எழுதிய குறிப்புக் கொப்பியையும் மேசையில் வைத்தேன்.

அதிகாரி அம்மா கொப்பியைப் புரட்டினார். நிறைய நேரம் எடுத்தார். பிறகு சேரைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கலாநிதி, மழைத்தண்ணீரில் மட்டும் இது ஏன் தெளியிது? சொல்லுங்கோ."

சேர் கொப்பியை எட்டிப் பார்த்தார். பேனையைத் திருகினார். என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, உதவி கேட்கும் கண்களோடு பார்த்தார். எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதிலை ஒரு வசனத்தில் சொல்லி அவரை அந்த இக்கட்டிலிருந்து காப்பாற்றியிருக்கலாம். நான் தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தேன். அவருக்கு முன்னாலும் வைத்தேன்.

அந்த மௌனம் பந்தல் சிரிப்பைவிட எனக்கு இனித்தது. இதில் எந்தப் பொய்யும் இல்லை. அவருக்குத் தெரியாது என்பது அவருடைய சொந்தச் சொத்து.

ராத்தாவை அடுத்த திங்கட்கிழமையே திரும்ப எடுத்தார்கள். பொய் சொல்லித் திட்டத்தைக் குழப்பியதற்காக என்னை நிறுத்தினார்கள். அது நியாயம் என்றே நினைத்தேன், கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். போகும்போது சேர் வாசலில் நின்றார். "எனக்கும் குடும்பம் இருக்கு, பிள்ளை. இப்பிடிச் செய்திருக்கத் தேவையில்லை" என்றார். "எனக்கும் பேர் இருக்கு, சேர்" என்றேன். சில மாதங்களில் அவர் வேறு மாவட்டத்துக்கு, இதைவிடப் பெரிய பதவிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தச் செய்தி வந்த அன்று சோறு இறங்கவில்லை.

சொன்னபடி ராத்தாவிடம் திரும்பப் போனேன். கதவைத் திறந்தார், தேநீர் தந்தார், வேலை எப்படி என்று நான் கேட்டதற்கு "ம்" என்றார். முன்பு என்னை வாசல்வரை வந்து வழியனுப்புவார். அன்று உள்ளேயே இருந்தார். அதன்பிறகு சந்தையில் கண்டால் தலையசைப்போம். அந்த உறவுக்கு நான் செய்தது பழுதுதான். அதற்காக அவரிடம் எத்தனை தரமும் மன்னிப்புக் கேட்பேன். சேரிடம் ஒரு தரமும் கேட்க மாட்டேன்.

இப்போது ரவுணில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அலுவலாக வவுனியா போக பஸ் ஏறினேன். எனக்கு இரண்டு ஆசனம் முன்னால் அவர் இருந்தார். தலை நரைத்திருந்தது. நடத்துநரிடம் வவுனியாவுக்கு ரிக்கற் எடுப்பது காதில் விழுந்தது. பாலம் கடந்தபிறகு எதற்கோ திரும்பியவர் என்னைக் கண்டார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரிந்தது. சேட்டுக் கழுத்தை இரண்டு தரம் சரிசெய்தார்.

முருங்கனில் பஸ் நின்றதும் தோள்பையை எடுத்துக்கொண்டு அவசரமாக இறங்கினார். வவுனியா இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல மத்தியான வெயில். அவர் தரிப்பிடத்தில் நிழல் தேடி அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நிற்க, பஸ் புறப்பட்டது. பக்கத்து ஆசனத்தில் இருந்த வயதான ஒரு அம்மா, "ஏன் பிள்ளை தனியச் சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

"தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இறங்கிப் போறார், அம்மா" என்றேன்.